கண்காணியும் மூப்பரும்: திருநெல்வேலித் திருச்சபையில் எழுந்த இரண்டு வினாக்கள்

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பாலத்தைக் கடந்தால் கேரித் தீவின் தோட்டங்கள் தொடங்குகின்றன. இப்பகுதித் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்குக் ‘கங்காணி’ என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஊருக்குச் சென்று ஆள் சேர்த்தவர், தலைக்காசு பெற்றவர், விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டவர் அவரே. அத்தோட்டங்களின் புராட்டஸ்டண்டுக் கிறித்தவர் ஞாயிறுதோறும் வாசித்த தமிழ் வேதாகமத்திலும் இச்சொல் உண்டு. பவர் ஐயர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் நிறைவேற்றிய ஐக்கிய மொழிபெயர்ப்பில், பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் வசனமே கண்காணிகளையும் உதவிக்காரரையும் விளித்துத் தொடங்குகிறது. இங்கே கண்காணி எனப்படுபவர் பிஷப்.

மொழிபெயர்த்தோர் பிழை செய்யவில்லை. கிரேக்கத்தில் ‘எபிஸ்கோபோஸ்’ என்றால் மேலிருந்து பார்ப்பவர், மேற்பார்வையாளர் என்பதுதான் பொருள். தமிழிலும் கண்காணி என்பது தோட்டத்தில் பிறந்த சொல்லன்று. கோயில் நிருவாகத்தைக் கவனித்தோரைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி’ என்று குறிக்கின்றன. ஆயினும் பிஷப்பைத் தமிழ்க் கிறித்தவர் எவரும் கண்காணி என்று அழைத்ததில்லை. கத்தோலிக்கர் மேற்றிராணியார் என்றனர். பின்னர் ஆயர் என்றனர். ஆங்கிலிக்கர் அத்தியட்சர் என்றனர். இன்று பேராயர் என்பது பரவலான வழக்கு. வேதத்தில் ஒரு சொல், சபையில் வேறொரு சொல். இந்த இடைவெளிக்குள் ஒரு பெரிய வரலாற்று வழக்கு அடங்கியிருக்கிறது. அவ்வழக்கில் முன்னின்றவர், நம் துறையினர் இலக்கண ஆசிரியராக மட்டுமே நினைவில் வைத்திருக்கும் இரேனியஸ் ஐயர்.

பிரஷ்ய நாட்டு லூத்தரனான இரேனியஸ் 1814இல் சென்னைக்கு வந்தார். 1820இல் பாளையங்கோட்டைக்குச் சென்றார். அவரை அனுப்பியது சி.எம்.எஸ். எனப்படும் இங்கிலாந்துத் திருச்சபைச் சங்கம். தமிழ் வேதத்தைத் திருத்துவதில் பல்லாண்டு உழைத்து, வேத மொழிபெயர்ப்பின் நெறிகள் பற்றி 1827இல் தனிநூலே வெளியிட்டார். ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கணம் 1834இல் வெளிவந்தது. அதற்குள் திருநெல்வேலியில் சபைகள் பெருகியிருந்தன; குருமார் போதவில்லை. உபதேசியாராகத் தேறிய தமிழர் சிலருக்குத் தாமும் உடன் ஊழியரும் கைவைத்துக் குருப்பட்டம் அளிக்கலாம் என்பது அவர் எண்ணம். ஆங்கிலிக்க முறைப்படி பிஷப் ஒருவரே பட்டம் அளிக்க வேண்டும் என்றது சங்கம்.

இரேனியஸின் நிலை புதுமையானதன்று. தரங்கம்பாடியில் 1733இல் முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்டுக் குருவான ஆரோன் பட்டம் பெற்றபோது அங்கே பிஷப் எவரும் இல்லை. 1790இல் சத்தியநாதன் பட்டம் பெற்றதும் லூத்தரன் முறையில்தான். இந்தியாவில் ஆங்கிலிக்கப் பிஷப்பின் ஆட்சி 1814இல் கல்கத்தாவில் தொடங்கிய பிறகே, அதுவரை செல்லுபடியான கைகள் செல்லாதவையாயின.

இரேனியஸ் பக்கத்து வாதம் சொல்லாராய்ச்சியைச் சார்ந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் பவுல் எபேசு சபையின் மூப்பரை வரவழைக்கிறார் (வசனம் 17). வந்தவர்களிடம் பேசும்போது அவர்களையே கண்காணிகள் என்கிறார் (வசனம் 28). தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரமும் ஐந்தாம் வசனத்தில் மூப்பர் என்று தொடங்கி ஏழாம் வசனத்தில் கண்காணி என்று மாறுகிறது. ‘பிரெஸ்பிட்டெரோஸ்’, ‘எபிஸ்கோபோஸ்’ என்னும் இரண்டும் ஒரே மனிதரைக் குறிக்குமானால், மூப்பர் செய்ய முடியாததைப் பிஷப் மட்டும் செய்ய வேதத்தில் ஆதாரம் எங்கே?

சங்கத்தோடு கருத்து வேறுபட்டதோடு அவர் நிற்கவில்லை. ஆங்கிலத் திருச்சபையைப் போற்றி வெளிவந்த ஒரு நூலுக்கு 1834இல் மதிப்புரை எழுதி, அத்திருச்சபையின் அமைப்பையும் வழிபாட்டு முறைகளையும் வேதத்தின்படி சோதித்தார். 1835இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். சென்னைக்கென்று தனிப் பிஷப் அமர்ந்ததும் அதே ஆண்டில்தான். சபையார் பலர் மீண்டும் அழைக்க, அவர் திருநெல்வேலிக்குத் திரும்பினார்; சபைகள் இரண்டுபட்டன. 1838இல் அவர் இறந்த பின்னரே பிளவு ஆறத் தொடங்கியது.

சொற்களைப் பொறுத்தமட்டில் இரேனியஸ் சொன்னது சரி என்றே கருதுகிறேன். நான்காம் நூற்றாண்டின் பெரும் வேத அறிஞரான ஜெரோமே, தொடக்கத்தில் மூப்பரும் பிஷப்பும் ஒருவரே என்று எழுதியிருக்கிறார். ஆனால் இரு பெயர்கள் ஒருகாலத்தில் ஒரு பொருளைச் சுட்டின என்பதால், பின்னாளில் அவை பிரிந்தது முறைகேடு ஆகிவிடாது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தியோக்கியாவின் இக்னேஷியஸ், பிஷப், மூப்பர், உதவிக்காரர் என மூன்று படிகளைப் பிரித்துப் பேசுகிறார். சொல்வரலாறு காட்டுவது ஒன்றே: அப்பிரிவு வேதம் எழுதப்பட்ட காலத்தில் உறுதிப்பட்டிருக்கவில்லை, ஆகவே அதை ஏற்காதவரை வேத விரோதி என்று கூற இயலாது. 1835இல் அந்த அளவு நிதானம் இரு தரப்பாரிடமும் குறைவாகவே இருந்தது.

இரண்டாம் வினா தமிழர் ஒருவரிடமிருந்து வந்தது. முன்னதைவிடக் கூர்மையாக வந்தது. சாயர்புரத்தில் பயின்று, நாசரேத்தில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, அங்கிருந்த மிஷனரி கேமரரோடு முரண்பட்டு விலகினார். 1849இல் சாணார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் எழுதிய நூல் அவர் சினத்தை வளர்த்தது. 1857இல் பிரகாசபுரத்தில், மிஷனரிகளைச் சாராத ‘இந்து கிறிஸ்தவ சபை’ உருவாயிற்று. வேதத்தை நீங்கள்தானே எங்கள் கையில் கொடுத்தீர்கள், அதில் இல்லாத ஐரோப்பிய வழக்கங்களை எங்கள்மேல் ஏன் சுமத்துகிறீர்கள் என்பதே அச்சபை எழுப்பிய கேள்வி. அவர்கள் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தனர், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளை மேற்கொண்டனர், தூபமிட்டனர், சாஷ்டாங்கமாக விழுந்து தொழுதனர், திருவிருந்தில் புளித்த மதுவுக்குப் பதிலாகப் புளியாத திராட்சைச் சாற்றைக் கொண்டனர்.

இவற்றுள் மொழி மாணவர் ஆழ்ந்து நோக்க வேண்டியது ஓய்வுநாள். எபிரேயரின் ‘சபாத்’ வாரத்தின் ஏழாம் நாள், அதாவது சனி. தமிழ் வேதம் அதை ஓய்வுநாள் என்று பெயர்த்தது. சபைப் பேச்சிலோ அதே சொல் ஞாயிற்றைக் குறிக்கலாயிற்று. குழந்தைகளின் ஞாயிறு வகுப்பு இன்றும் பல சபைகளில் ‘ஓய்வுநாள் பள்ளி’யே. நாளை மாற்றிய மரபு சொல்லை மாற்றவில்லை. அதனால் கேட்போருக்கு மாற்றமே புலப்படவில்லை. சட்டாம்பிள்ளை அந்தச் சொல்லைப் பிடித்து இழுத்தார். ஞாயிறு வழிபாட்டுக்கு உயிர்த்தெழுதலை ஆதாரமாகக் காட்டும் பழைமையான விளக்கம் உண்டு; அது வலுவற்றதன்று. எனினும் பத்துக் கட்டளைகளில் நான்காவதைக் காட்டி ஞாயிற்றை வலியுறுத்தியவரிடம் அவருடைய கேள்விக்கு நேர்மையான விடை இருந்திருக்க வாய்ப்பில்லை. சாதிப் பெருமையும் அவருடைய இயக்கத்தில் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனால் கேள்வி பொய்யாகிவிடாது.

இவ்விரு வழக்குகளின் எதிரொலி மலாயாவுக்கும் வந்தது. தென்னிந்தியக் கிறித்தவர் இங்கு வந்தபோது தத்தம் சபை மரபுகளையும் கொண்டு வந்தனர். பிரிக்பீல்ட்ஸ் லூத்தரன் சபை தரங்கம்பாடி வழியில் வந்தது. அதன் தாய்ச்சபையான தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபையோ, பிஷப் இல்லாமலே ஆரோனுக்குப் பட்டம் அளித்த மரபின் வாரிசாக இருந்தும், 1921இல் தனக்கென்று ஒரு பிஷப்பை ஏற்றுக்கொண்டது. முதலில் அமர்ந்தவர் சுவீடன் நாட்டவரான ஹேமன்.

கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938இல் இந்திய அரசின் தடையோடு முடிந்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியத்தில் பிலிப்பியர் நிருபம் ‘சபைக் கண்காணிப்பாளர்’ என்கிறது. தோட்டத்தின் வாடை நீங்கிவிட்டது. இப்போது நம் மாணவருக்கு அச்சொல் தேர்வு மண்டபத்தை நினைவூட்டக்கூடும்.