கரண்டா, பெட்ரோலா?

சித்திரை மாதத்து நண்பகலில் கடலூர் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரம் நோக்கிப் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது இருவர் மட்டுமே அமரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். புதுச்சத்திரம் வரை குதிரைபோல் பாய்ந்த வண்டி, இரண்டு முறை திணறிவிட்டு நின்றுவிடுகிறது. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் மோட்டார் நன்றாகவே சுழல்கிறது. எஞ்சின்தான் பிடிக்க மறுக்கிறது. புளியமர நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து மீண்டும் சாவியைத் திருகுகிறீர்கள். ஒன்றுமே நடவாததுபோல் எஞ்சின் ஓடத் தொடங்குகிறது! பட்டறைக்குக் கொண்டுபோனாலோ, மெக்கானிக்கின் கண்ணெதிரே அது நிற்பதே இல்லை. குறை ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். அல்லது ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்களை மாற்றச் சொல்வார். இரண்டிலும் நட்டம் உங்களுக்குத்தான்.

சூட்டில் தோன்றி, ஆறியதும் மறையும் இந்தக் கோளாற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் பாதி காரின் வரலாறு. மறுபாதி, கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்து அலமாரியில் இருக்கும் தூண்டு சுருளின் வரலாறு.

பெட்ரோல் எஞ்சின் ஓட இரண்டு வேண்டும். காற்றோடு கலந்த பெட்ரோல் சிலிண்டருக்குள் வரவேண்டும். உரிய கணத்தில் அதைப் பற்றவைக்க ஒரு மின்பொறி வேண்டும். இதைத்தான் நம் ஊர் மெக்கானிக்குகள் ‘கரண்டா, பெட்ரோலா?’ என்று சுருக்கமாகக் கேட்கிறார்கள். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மனியில் கார்ல் பென்சின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் தம் இரு மகன்களோடு மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்குக் காரிலேயே சென்றார். சுமார் 100 கிலோமீட்டர் தூரம். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்து மின்சாரம் கசிந்தபோது காலுறையைப் பிடிக்கும் பட்டியைச் சுற்றிச் சரிசெய்தார் என்று சொல்லுவார்கள். ஒரே பயணத்தில் இரண்டு வகைக் கோளாறும் வந்துவிட்டன, பாருங்கள்! 1903இல் சென்னை சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் கட்டிய நீராவிக் காருக்கு இந்தக் கவலையில் பாதி இல்லை. கொதிகலன் உள்ள வண்டிக்கு மின்பொறி எதற்கு?

பெட்ரோல் வழியைப் பின்னர் பார்ப்போம். சுவையான கதை மின்பொறியுடையதுதான். பேட்டரியில் இருப்பது 12 வோல்ட்டு. பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பல ஆயிரம் வோல்ட்டு வேண்டும். இது எப்படிக் கிடைக்கிறது? 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே விடை. ஒரு சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால், அதன்மேல் சுற்றிய பல்லாயிரம் சுற்றுக்கள் கொண்ட மற்றொரு சுருளில் மிக உயர்ந்த மின்னழுத்தம் தோன்றும். பாரிசில் கருவிகள் செய்துவந்த ரூம்கார்ஃப் 1851இல் இத்தகைய சுருளைச் செப்பமாக உருவாக்கினார். அதை வைத்துத்தான் 1860இல் லெனுவார் தம் வாயு எஞ்சினில் பொறி உண்டாக்கினார்.

இங்கே ‘திடீரென’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மின்னோட்டத்தைத் துண்டிக்கும் இரு முனைகளும் பிரியும்போது அவற்றுக்கிடையிலேயே சிறு பொறி பறக்கும். அதன் வழியே மின்னோட்டம் தொடர்ந்து, மெல்ல மெல்லத்தான் அடங்கும். அப்போது உயர் மின்னழுத்தம் கிடைக்காது. ஒளியின் வேகத்தை அளந்தவரென்று நம் மாணவர்கள் அறிந்த ஃபிசோ, 1853இல் இதற்கு ஒரு வழி கூறினார்: முனைகளுக்கு இணையாக ஒரு மின்தேக்கியை இணையுங்கள்! பாய வந்த மின்னேற்றம் முனைகளில் பொறியாகாமல் மின்தேக்கிக்குள் போய்விடும். மின்னோட்டம் சட்டென அறுபடும். அமெரிக்கரான கெட்டரிங் இந்தச் சுருளையும் முனைகளையும் மின்தேக்கியையும் பேட்டரியோடு காருக்கு ஏற்றபடி அமைக்க, அது 1910ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளுக்கு உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை ஓடியது இந்த ஏற்பாட்டில்தான். பட்டறை மொழியில் இவை காயில், பாயிண்ட், கண்டன்சர். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால், பாயிண்ட் வினாடிக்கு 100 முறை பிரிந்தாக வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1961இல் சென்னையை அடுத்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலை ‘ஹெரால்டு’ காரை வெளியிட்டது. இத்தாலியரான மிக்கெலொட்டி வடிவமைத்த அதே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கித்தான், இங்கிலாந்தின் டிரையம்ஃப் நிறுவனம் 1962இல் ‘ஸ்பிட்ஃபயர்’ என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. எஞ்சினும் ஒரே குடும்பம். ஹெரால்டுக்கு 948 கன சென்டிமீட்டர் என்றால், ஸ்பிட்ஃபயருக்கு 1147, கூடவே இரண்டு கார்புரேட்டர். டாக்சியாகவும் டாக்டர் வீட்டுக் காராகவும் நம் தெருக்களில் நின்ற ஹெரால்டு, ஒரு பந்தயக் குதிரையின் தம்பி என்று சொன்னால் தவறில்லை.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில், மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார்ப் பந்தயங்கள் நடத்திவந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் அமையும் வரை நம் மாநிலத்தில் பந்தயம் என்றால் சோழவரம்தான். அங்கே அயல்நாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களோடு நம் ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் ஓடின. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. காயிலா, கண்டன்சரா என்று தெரியாமல் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடும் வசதி எவருக்கும் இல்லை. 1961இல் தொடங்கப்பெற்ற பாடி லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலை மின்பாகங்களை இங்கேயே செய்யத் தொடங்கிய பிறகு ஓரளவு மூச்சுவிட முடிந்தது. நம் மெக்கானிக்குகளின் நோயறியும் திறமை அந்தத் தட்டுப்பாட்டில் வளர்ந்தது என்பதே என் கருத்து. (ஆங்கிலேயக் கார்ப் பிரியர்கள் லூகாசை ‘இருளின் இளவரசர்’ என்று கேலி செய்வதுண்டு. அடிக்கடி விளக்கு அணைந்துவிடுமாம்! எனக்கு அது நியாயமாகப் படவில்லை. காகிதத்தையும் உலோகத் தகட்டையும் சுருட்டி விரற்கணு அளவுள்ள குப்பியில் அடைத்த கண்டன்சர், எவர் பெயர் பொறித்திருந்தாலும், கொதிக்கும் எஞ்சினருகே என்றாவது ஒருநாள் கெடத்தான் செய்யும்.)

கெடுவது எப்படி? சூட்டில் உள்ளிருக்கும் தகடும் இணைப்பும் விரிவடைகின்றன. இணைப்பு விட்டுப்போனால் பாயிண்டில் பொறி பறந்து பிளக்கில் வலுவிழக்கும். காகிதம் பழுதாகித் தகடுகள் தொட்டுக்கொண்டால் மின்னோட்டம் அறுபடவே அறுபடாது, பொறியே வராது. ஆறியதும் தகடுகள் சுருங்கிப் பழைய நிலைக்கு வரும். காயிலின் மெல்லிய கம்பியில் உள்ள முறிவும் இப்படியே. இன்னொன்றையும் கவனியுங்கள். வண்டி நின்றதும் விசிறியும் நின்றுவிடுகிறது, எதிர்க்காற்றும் இல்லை. ஆகவே முதல் சில நிமிடங்களில் பானட்டுக்குள் சூடு குறைவதற்குப் பதிலாக ஏறுகிறது. நின்ற வண்டி உடனே கிளம்ப மறுப்பதன் காரணம் இதுவே.

பெட்ரோலும் இதே நாடகத்தை ஆடும். அதில் எளிதில் ஆவியாகும் பகுதிகள் 40 டிகிரி செல்சியசுக்குள்ளாகவே கொதிக்கத் தொடங்கிவிடும். எஞ்சினோடு பொருத்திய பம்பு, பின்னாலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைவதால் கொதிநிலை இன்னும் தாழ்கிறது. பம்புக்குள் ஆவி நிரம்பினால், அது ஆவியை அமுக்கி அமுக்கி விடுமேயன்றிப் பெட்ரோலைத் தள்ளாது. அந்நாளைய ஓட்டுநர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியது இதனால்தான்.

ஆனால் ஈரத்துணி சாட்சி சொல்லுமா? துணி போட்டு அரை மணி காத்திருந்தால் பம்பும் ஆறும், காயிலும் ஆறும், கண்டன்சரும் ஆறும். வண்டி கிளம்பினால் எது குற்றவாளி என்று எப்படிச் சொல்வீர்கள்? தேர்ந்த மெக்கானிக் வண்டி நின்ற உடனே, சூடு ஆறுவதற்குள், ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, கரண்டுதான் இல்லை. உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. அடுத்து, பிளக் வயரை மின்கடத்தாப் பிடியால் பற்றி, பெட்ரோல் வாடை இல்லாத இடமாகப் பார்த்து எஞ்சின் இரும்பினருகே பிடித்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றச் செய்வார். நீலப் பொறி ‘சடக்’கென்று பாயவேண்டும். மஞ்சள் நூல்போல் மெலிந்து வந்தால் நம்பக்கூடாது. திறந்த காற்றில் பாயும் பொறி, அழுத்தப்பட்ட வாயுவில் பாயாது. அழுத்தம் கூடினால் பொறிக்கு வேண்டிய மின்னழுத்தமும் கூடும் என்று 1889இலேயே பாஷென் காட்டியிருக்கிறார். கடைசியாக, சூடு குறையும் முன்பே, கண்டன்சரை மட்டும் மாற்றிப் பார்ப்பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று மாணவர்களுக்கு நாம் சொல்லும் பாடத்தை அவர் பட்டறையில் கற்றிருக்கிறார்.

இன்றைய கார்களில் பாயிண்டும் இல்லை, கண்டன்சரும் அந்த வேலையைச் செய்வதில்லை. கிராங்க் தண்டு எந்த நிலையில் சுழல்கிறது என்பதை ஓர் உணர்வி கணினிக்குச் சொல்ல, கணினியே பொறிக்கும் பெட்ரோலுக்கும் ஆணையிடுகிறது. கோளாற்றைத் தானே குறித்துவைக்கும் முறை அமெரிக்காவில் 1996 முதலும், நம் நாட்டில் 2010இல் பாரத் நிலை 4 விதிகளோடும் கட்டாயமாகத் தொடங்கியது. ஆயினும் புதுச்சத்திரத்தில் நின்று, அரை மணி கழித்துக் கிளம்பும் வண்டிகள் இன்றும் உண்டு. அந்த உணர்விகளில் ஒரு வகை, காந்தத்தின்மேல் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருள்தான்; ஃபாரடேயின் அதே சுருள்! சூட்டில் அதன் கம்பி விட்டுப்போனால் கணினிக்கு எஞ்சின் சுழல்வதே தெரியாது; பொறியும் நிற்கும், பெட்ரோலும் நிற்கும். கோளாறு குறிக்கப்படாமலே போவதும் உண்டு. அத்தகைய உணர்வியைக் கழற்றி மேசைமேல் வைத்து மல்டிமீட்டரை இணைத்தால் சில நூறு ஓம் காட்டும், குறையே தெரியாது. தலைமுடி உலர்த்தும் கருவியால் அதன்மேல் சூடான காற்றை ஊதியபடி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருங்கள். பழுதான உணர்வியானால், இரண்டொரு நிமிடத்தில் மின்தடை தாவி எல்லையற்றதாகிவிடும். காற்றை நிறுத்திச் சற்றுப் பொறுத்தால் மீண்டும் அதே சில நூறு ஓம்.