கொழுப்பேறிய கல்லீரலும் நுண் தாதுக்களும்

கல்லீரல் அணுக்களில் நூற்றுக்கு 5-க்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் தேங்கி நிற்கும் இவ்வியாதிக்கு மதுபானம், உடற்பருமன், நீரிழிவு ஆகியனவே பிரதான காரணங்களாயினும், தேகத்தில் சொற்ப அளவிலேயே அமைந்துள்ள இரும்பு, செம்பு, துத்தநாகம், செலினியம் ஆகியவற்றின் மிகுதியும் குறைவும் அதன் போக்கோடு நெருங்கிய சம்பந்தமுடையவை.

இவற்றுள் விரிவாகக் கருதத்தக்கது இரும்பு. நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இரத்தத்தில் இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினின் அளவு உயர்ந்திருக்கிறது. அணுக்களுள் கட்டற்றுத் திரியும் இரும்போ, ஹைட்ரஜன் பெராக்ஸைடுடன் வினைபுரிந்து, கொழுப்பைச் சிதைக்கும் உக்கிரமான துகள்களைத் தோற்றுவித்து, அழற்சிக்கும் நார்த்தழும்புக்கும் வழிகோலுகிறது. எனினும், இரத்தத்தை வெளியேற்றி இரும்பைக் குறைத்துப் பார்த்த பரிசோதனைகள் எதிர்பார்த்த பலனை அளிக்கவில்லை. உயர்ந்த ஃபெரிட்டின் பல சமயங்களில் அழற்சியின் அடையாளமேயன்றி இரும்பு மிகுதிக்குச் சான்றாகாது என்பதை வைத்தியர்கள் கருத்திற் கொள்ளுதல் அவசியம்.

செம்பு மிகுந்தாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். 1912-இல் வைத்தியர் கின்னியர் வில்சன் விவரித்த பரம்பரை வியாதியில் அது கல்லீரலில் சேர்ந்து கொழுப்பேற்றத்தை விளைவிக்கிறது. செம்பு குன்றிய உணவு அளிக்கப்பட்ட எலிகளின் கல்லீரலிலும் கொழுப்பு மிகுகிறது.

துத்தநாகம், மதுவினால் கல்லீரல் கெட்டவர்களிடம் பெரும்பாலும் குறைந்து காணப்படும். உணவுக் குறையால் எலிகளின் கல்லீரல் அழிவதைச் செலினியம் தடுக்கிறதென ஆய்வாளர்களான ஷ்வார்ட்ஸும் ஃபோல்ட்ஸும் 1957-இல் வெளியிட்டனர். ஆயினும் அதன் மிகுதி நஞ்சாகும்.

உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைப்பதே இந்நோய்க்கு இன்றளவும் பிரதான சிகிச்சை. இரத்தப் பரிசோதனையும் வைத்தியர் ஆலோசனையுமின்றித் தாது மாத்திரைகளை எவரும் உட்கொள்ளலாகாது.