கட்டணமில்லா மறைக்கல்வி: முத்துக்குளித்துறையும் மலாக்காவும்

பல்கலைக்கழக வகுப்பறையில் பேராசிரியர் நிகழ்த்தும் விரிவுரையை உலகில் எவரும் பொருட்செலவின்றிக் கேட்கலாம் என்னும் முறை இந்த நூற்றாண்டில் பரவியது. அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தில் திறந்து வைக்கப் போவதாக 2001இல் அறிவித்தது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகமாகிய நோத்ருதாம் 2006இல் அவ்வழியிற் சென்றது. பின்னர் இறையியலும் திருச்சபை வரலாறும் பற்றிய விரிவுரைகள் பல இடங்களிலிருந்தும் வரலாயின. ஜொகூரின் வடபகுதியில் இரயில் பாதையை ஒட்டியுள்ள சிகாமட்டிலிருந்தே இன்று ஒருவர் அவற்றைக் கேட்க முடியும். இரப்பர்த் தோட்டங்களுக்குப் பிழைக்க வந்த தமிழரின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் அது. அங்குள்ள கத்தோலிக்கர்களுக்குப் புனித பிலிப்பு ஆலயம் இருக்கிறது.

விலையில்லாமல் வரும் மறைக்கல்வி இப்பகுதிக்குப் புதியதன்று. சிகாமட்டுக்கு மேற்கே, மோட்டார் வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் மலாக்காவில், 1545ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ஒரு பாதிரியார் கையில் மணி பிடித்துத் தெருவில் நடந்தார். அவர் பிரான்சிசு சவேரியார். பாரிசு நகரில் பயின்று, அங்கேயே தத்துவம் கற்பித்த ஆசிரியர். மணியடித்துச் சிறுவரைத் திரட்டும் முறையை அவர் மலாக்காவுக்குத் தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறையிலிருந்து கொண்டுவந்தார்.

1542இல் அவர் தூத்துக்குடிப் பகுதிக்குச் சென்றபோது அங்குள்ள பரவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தனரேயன்றி மறையின் பொருளை அறிந்தாரில்லர். அவர்களுடைய பேச்சு அவருக்குப் புரியவில்லை; அவருடைய பாசுகு மொழியும் அவர்களுக்குப் புரியவில்லை. இரு மொழியும் அறிந்தவர் சிலரைக் கூட்டிவைத்து, பல நாள் உழைத்து, செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். நாளொன்றுக்கு இருமுறை மணியடித்துச் சிறுவரைக் கூட்டினார். கற்ற சிறுவர் வீட்டில் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆசிரியர் ஒருவர், மாணவர் ஆயிரவர் என்ற நிலையில் வேறு என்ன செய்ய இயலும்?

1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் ஓர் ஏக்கத்தை அவர் வெளியிட்டார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு, சிறப்பாகப் பாரிசுக்கு, பித்தர்போல் ஓடிச் சென்று, கல்வி மிகுந்தும் அன்பு குறைந்த அறிஞர்களை நோக்கிக் கூவ வேண்டும் என்று பலமுறை எண்ணியதுண்டாம். அறிஞர்கள் கடல் கடந்து இங்கே வருவதே அவர் வேண்டியது. அவர்களுடைய குரல் மட்டும் தனியே வந்து சேரும் காலம் ஒன்று உண்டென்பதை அவர் எங்ஙனம் அறிவார்?

கற்போர் காசு கொடுக்கவில்லை என்பதனால் செலவே இல்லை என்றாகாது. சவேரியார் அடுத்த ஊருக்குப் போனபின் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஊர்தோறும் ஆசிரியர் வேண்டியிருந்தது. பரவர்கள் ஆண்டுதோறும் 4,000 பணம் போர்த்துக்கீசிய அரசிக்குச் செலுத்தி வந்தனர். அரசியின் காலணிச் செலவுக்கு என அவ்வரிக்குப் பெயர்! அத்தொகையை ஆசிரியர் ஊதியத்துக்கு விட்டுத்தருமாறு சவேரியார் அரசி கத்தரீனாவை வேண்ட, அவரும் இசைந்தார். ஆகவே இலவசக் கல்விக்கு வேண்டிய பொருள், முத்துக்குளித்தோர் ஈட்டிய பொருளேயாயிற்று.

பொருளைக் காட்டிலும் பெருந்தொல்லை சொல்லால் வந்தது. விசுவாசப் பிரமாணத்தின் தொடக்கத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். கடவுளை நம்புகிறேன் என்று சொல்ல வந்தவர் கடவுள் எனக்கு வேண்டும் என்று சொல்லிவந்தார். பத்தியில் குறைவில்லை, இறையியலில் குறை. பிழையை உணர்ந்த சவேரியார், தம் துணைவர் மான்சிலாசுக்கு 1544இல் எழுதிய கடிதம் ஒன்றில், ‘வேணும்’ என்பதை நீக்கி ‘விசுவாசம்’ என்ற சொல்லை வைக்குமாறு பணித்தார். பாரிசில் தத்துவம் கற்பித்தவர் தமிழ் வினைச்சொல் ஒன்றைத் திருத்தக் கடிதம் எழுத நேர்ந்தது. தமிழாசிரியர்கள் மகிழத்தக்க செய்தியே இது.

அவருக்குப்பின் வந்த அண்டிரிக்கு அடிகளார் தமிழை முறையாகக் கற்று இலக்கணமும் எழுதினார். 1554இல் இலிசுபனில் ஒரு தமிழ்ச் செபநூல் உரோமன் எழுத்தில் வெளிவந்திருந்தது. அதனைத் தமிழ்ச் சிறுவர் எப்படிப் படிப்பது? 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களில் தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. இந்திய எழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பவற்றுள் இதுவே முதல் நூல். இந்நூலைப் பற்றித் தனிநாயக அடிகள் 1958இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழில் விரிவாக எழுதினார். 1961இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைத் தலைமையை ஏற்றவரும் அவரே.

மலாக்காவில் சவேரியார் மீண்டும் அடியிலிருந்து தொடங்கினார். தமிழில் செய்ததைப் போலவே, மொழி வல்லாரைத் துணைக்கொண்டு செபங்களை மலாயில் பெயர்த்து, மனப்பாடம் செய்து, 1546 சனவரியில் அம்போன் தீவுக்குக் கப்பலேறினார்.

இன்று இணையத்தில் வரும் இறையியல் விரிவுரைகளுள் மிகுதியானவை ஆங்கிலத்தில் உள்ளன. இயந்திரம் அவற்றைத் தமிழாக்கித் தருமெனினும் எந்தத் தமிழ் என்ற வினா எஞ்சுகிறது. அண்டிரிக்கு அடிகளாருக்குக் கடவுள் ‘தம்பிரான்’. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகருக்குச் ‘சர்வேசுரன்’. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்தபின், தமிழ் வழிபாடு தழைத்த காலத்தில், பழைய வடசொற்கள் பல மறைந்து ‘இறைவன்’, ‘திருப்பலி’ போன்ற சொற்கள் நிலைபெற்றன. தோட்டத்துச் சிற்றாலயத்தில் உபதேசியார் சொல்லக் கேட்டு மந்திரம் கற்ற தலைமுறைக்கு முன்னவை காதில் ஒலிக்கின்றன. இளையோர்க்குப் பின்னவையே தெரியும். விரிவுரையில் ‘கிரேசு’ என்று வரும் ஒரு சொல்லைச் சிகாமட்டின் மறைக்கல்வி ஆசிரியர் பாட்டிக்கு ‘வரப்பிரசாதம்’ என்றும் பேரனுக்கு ‘அருள்’ என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.