குழிந்த உருண்டையும் நிறைந்த உருண்டையும்

போலந்தில் உணவுக்காகவே ஊர் சுற்றுகிறவர் கிராக்கோவ் நகரச் சந்தையோடு திரும்பிவிடாமல் இரண்டு விளிம்புகளை எட்டிப்பார்க்க வேண்டும். ஒன்று, தெற்கே நிலக்கரி தோண்டி வளர்ந்த மேல் சிலேசியா. மற்றது, வடகிழக்கே காடும் சதுப்புமாக பெலாருஸ், லித்துவேனிய எல்லைகள் வரை நீளும் பொட்லாஷியே. முன்னதில் சுரங்கமும் செங்கல் குடியிருப்பும். பின்னதில் மரவீடும் வெங்காயக் கோபுரத் தேவாலயமும். இரண்டு சமையலறைக்கும் அடிப்படை உருளைக்கிழங்குதான். ஒரு கிழங்கை வைத்துக்கொண்டு இரண்டு வட்டாரங்கள் எவ்வளவு தூரம் விலகிப் போக முடியும், விலகிய பிறகு எங்கே மறுபடி சந்திக்கின்றன என்பதுதான் இங்கே கேள்வி.

சிலேசிய உருண்டையிலிருந்து தொடங்கலாம். அவித்து மசித்த கிழங்கைப் பாத்திரத்தில் அழுத்திச் சமன்செய்து, மேலே கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி நான்காகப் பிரிப்பார்கள். ஒரு கால்பங்கை வழித்தெடுத்து மற்ற மூன்றின் மேல் போட்டுவிட்டு, காலியான இடம் நிரம்பும் வரை உருளைக்கிழங்கு மாவுச்சத்தைக் கொட்டுவார்கள். தராசும் வேண்டாம், படியும் வேண்டாம். அளவுக்கருவி அந்தப் பள்ளமேதான். பிசைந்து உருட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் விரலாலோ மரக்கரண்டிக் காம்பாலோ ஒரு குழி வைத்தால் க்ளுஸ்கி தயார். பொட்லாஷியேயின் கர்தாச்சேக்கு இந்தச் சுலபம் கிடையாது. பச்சைக் கிழங்கைத் துருவித் துணியில் கட்டிப் பிழிய வேண்டும். பிழிந்த நீரைத் தெளியவிட்டு, அடியில் வெள்ளையாகப் படியும் மாவைச் சுரண்டியெடுத்துத் துருவலோடு திரும்பச் சேர்க்க வேண்டும். கொஞ்சம் அவித்த கிழங்கும் கலந்து, உள்ளே இறைச்சிப் பூரணம் வைத்து, நீள்வட்டமாக உருட்டித் தளதளவென்று கொதிக்காத நீரில் வேகவைப்பார்கள். கொதி மிஞ்சினால் வெடித்துவிடும். மேலே பொரித்த பன்றிக்கொழுப்புத் துணுக்குகள். கைப்பிடி அளவு உருண்டை இரண்டு போதும்; மூன்றாவதைக் கேட்பவர் பிற்பகலில் வேறு வேலை இல்லாதவராக இருக்க வேண்டும்.

ஒன்று அவித்த கிழங்கு, மற்றது பச்சைக் கிழங்கு. ஒன்று வெண்மை, மற்றது சாம்பல் நிறம் என்று கோடு கிழித்துவிடத் தோன்றும். சிலேசியாவிலேயே அந்தக் கோடு அழிந்துவிடுகிறது. அங்கே கறுப்பு உருண்டை என்றொரு வகை உண்டு. துருவிப் பிழிந்த பச்சைக் கிழங்கும் அவித்த கிழங்கும் சேர்ந்தது அது. கடித்தால் சற்று வழுக்கும், மண்வாசம் தூக்கலாக இருக்கும். கர்தாச்சேயின் மேல்தோலும் ஏறத்தாழ இதுவே. நாட்டின் இரு கோடிகளில், ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமலே, இரு சமையலறைகளும் ஒரே பிழிதுணியை எடுத்திருக்கின்றன. சுற்றுலாப்பயணிகள் வெள்ளை உருண்டையையே கேட்கிறார்கள். என் வாக்கு கறுப்புக்கு.

அப்படியானால் வேற்றுமை எங்கே? இறைச்சி இருக்கும் இடத்தில். சிலேசியத் தட்டில் இறைச்சி உருண்டைக்கு வெளியே நிற்கிறது. மாட்டிறைச்சித் துண்டைத் தட்டி மெலிதாக்கி, கடுகு விழுது தடவி, புகையூட்டிய பன்றிக்கொழுப்பு, வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, நெடுநேரம் வேகவைக்கும் ரோலாடா அது. அதன் சாறு தேங்கத்தான் உருண்டையில் குழி. பக்கத்தில் புளிப்பும் இனிப்புமாகச் செங்கோசு. பொட்லாஷியே இறைச்சியை உள்ளே புதைத்துவிடுகிறது. முன்னது இறைச்சியின் ருசியை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது, பின்னது உள்ளிருந்து கசியவிடுகிறது. இரண்டிலும் கிழங்கே அதிகம், இறைச்சி அளவோடுதான். அந்த அளவு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதில் இரண்டுமே கெட்டிக்காரத்தனமானவை.

குழி சிலேசியாவுக்கே உரியது என்று முடித்துவிடவும் முடியாது. பொட்லாஷியேயின் பியாவிஸ்தோக் நகரத்து யூதர்களின் ரொட்டியான பியாலிக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. அதில் வெங்காயமும் கசகசாவும் வைத்துச் சுடுவார்கள். சுட்ட கைகளில் ஒரு பகுதி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. ஊரிலேயே இருந்தவர்களை நாஜிகள் கொன்றழித்தார்கள். பியாவிஸ்தோக்கின் பெயரைத் தாங்கிய ரொட்டி இன்று அந்த ஊரைவிட நியூயார்க்கில் பிரபலம். பொட்லாஷியேக்காரர்கள் தங்கள் சொந்தப் பண்டமாகக் கொண்டாடும் பாப்காவும், துருவிய கிழங்கை அச்சில் சுட்டெடுப்பது என்ற அளவில், யூதர் வீட்டுக் குகெலுக்கு நெருங்கிய சொந்தம். பன்றிக்கொழுப்பு சேர்ந்தால் பாப்கா, அதை விலக்கினால் குகெல்.

எங்கே சாப்பிடுவது என்பதற்கு இரு வட்டாரமும் நேர்மாறான விடைகளைத் தருகின்றன. சிலேசியாவில் ஒரே தட்டு எல்லா ஊரிலும் திரும்பத் திரும்ப வருகிறது: உருண்டை, ரோலாடா, செங்கோசு. அது ஞாயிறு மதியச் சாப்பாடு. உணவகங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையை வாரம் முழுக்க நீட்டி வைத்திருக்கின்றன. 1921 பொது வாக்கெடுப்புக்குப் பின் 1922-இல் இந்த மண்ணைப் பிரித்தபோது காட்டோவிட்சே போலந்துக்கும் சப்ஜே ஜெர்மனிக்கும் போயின. 1939 வரை நீடித்த அந்த எல்லைக்கு இருபுறமும் ஞாயிறு தட்டு மாறவில்லை. பொட்லாஷியேயில் மாகாணம் முழுக்க ஆளும் தட்டு என்று எதுவுமில்லை. சுப்ராஷ்ல் ஊருக்குப் போனால் கிழங்குத் துருவலைப் பன்றிக்குடலில் அடைத்துச் சுட்ட கிஷ்கா. கிஷ்காவுக்கும் பாப்காவுக்கும் உலகச் சாம்பியன் போட்டியே நடத்தும் ஊர் அது. ‘உலக’ என்ற அடைமொழியை உள்ளூர்க்காரர்களே சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள் என்று நம்புகிறேன். லித்துவேனியர் பெரும்பான்மையாக வாழும் பூன்ஸ்க்கில் கர்தாச்சே. எல்லை தாண்டினால் அதே உருண்டை செப்பெலினாய் என்ற பெயரில் ஒரு நாட்டின் தேசிய உணவாகிவிடுகிறது. கொரிச்சினில் காய்ச்சாத பசும்பாலில் செய்யும் பாலாடைக்கட்டி, ஹைனூவ்காவில் மெல்லிய அடுக்குகளுக்கிடையே புளித்த பாலேடு பூசிய மார்ச்சினெக். ஆகவே சிலேசியாவில் ஓர் ஊரில் தங்கினால் போதும். பொட்லாஷியேயில் கார் எடுத்தே ஆக வேண்டும்.

அந்தக் காரை முதலில் க்ருஷின்யானி பக்கம் திருப்பலாம். படைவீரர்களுக்குத் தர வேண்டிய சம்பளப் பாக்கிக்கு ஈடாக மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி 1679-இல் தாத்தார்களுக்கு நிலம் கொடுத்த கிராமங்களில் அதுவும் ஒன்று. பச்சை வண்ண மரப் பள்ளிவாசலுக்கு அருகே ‘தாத்தார்ஸ்கா யூர்தா’ என்ற குடும்ப உணவகம் இருக்கிறது. 2018 தீவிபத்துக்குப் பின் மீண்டும் எழுந்தது. அங்கே கேட்க வேண்டியது பியெரெகாச்செவ்னிக். மாவை ஆறு மெல்லிய தாள்களாக விரித்து, ஒவ்வொன்றிலும் கொழுப்பு தடவி அடுக்கி, ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ வைத்துச் சுருட்டி, வட்டத் தட்டில் நத்தைக்கூடு போலச் சுற்றிச் சுடுவார்கள். வெட்டினால் அடுக்கடுக்காகப் பிரியும். இதன் பக்கத்தில் சிலேசிய ரோலாடாவை வைத்துப் பாருங்கள். ஒன்றில் இறைச்சி சுருட்டும் கை, மற்றதில் சுருட்டப்படும் பொருள். கத்தோலிக்கச் சுரங்கத் தொழிலாளியும் முஸ்லிம் குதிரைவீரனும் தங்கள் விசேஷ நாளுக்கு ஒரே அசைவைத் தேர்ந்திருக்கிறார்கள்: தட்டையானதை விரி, உள்ளே ஒளி, சுருட்டு. பன்றி வேண்டாதவர்களுக்கு இந்த மேசை தனி ஆறுதல். இறைச்சியே வேண்டாதவர் பாலாடைக்கட்டியும் உலர்திராட்சையும் வைத்த வகையைக் கேட்கலாம். சிலேசியாவில் அவருக்குச் சிரமம்தான். தினசரி ஏழைச் சாப்பாடான வோட்ஜியோன்கா, பழைய ரொட்டியில் பூண்டு நசுக்கிப் போட்டு வெந்நீர் ஊற்றும் சூப், அதில்கூடக் கொழுப்பு மிதக்கும்.

சாப்பிடும் இடங்களின் விசித்திரத்திலும் இருவரும் சமம். சப்ஜேயின் கீதோ சுரங்கத்தில் 320 மீட்டர் ஆழத்தில் ஒரு மதுக்கூடம் இயங்குகிறது. பியாவோவியெஜா காட்டில் ஜார் காலத்து ரயில் நிலையமே ‘சார்ஸ்கா’ என்ற உணவகம். உழைப்புக்காகத் தோண்டிய இடத்தில் சிலேசியா விருந்தாளியை உட்காரவைக்கிறது, மன்னரின் வேட்டைக்காகப் போட்ட பாதையின் முனையில் பொட்லாஷியே இலை போடுகிறது. காட்சிக்குக் கீதோ. நிதானமாக உண்பதற்குச் சார்ஸ்கா. ஆனால் சிலேசியத் தட்டின் சூழல் தெரிய வேண்டுமென்றால் காட்டோவிட்சேயின் நிகிஷோவியெட்ஸ் குடியிருப்பில், சிவப்புச் சாயம் பூசிய ஜன்னல் விளிம்புகளுக்கு நடுவே அமர்ந்து சாப்பிட வேண்டும். அந்த முற்றங்களில் ஒரு காலத்தில் பொது ரொட்டியடுப்புகள் இருந்தன.

கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் இரண்டும் கசகசாவிடம் வந்து சேர்கின்றன. சிலேசியா ரொட்டித் துண்டுகளைப் பாலில் ஊறவைத்துக் கசகசாவோடு அடுக்குகிறது, பொட்லாஷியே அவித்த கோதுமையில் கசகசாவும் தேனும் கலந்து குத்யா செய்கிறது. பொட்லாஷியேயின் ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த இரவு ஜனவரி 6. ஆக டிசம்பரில் சிலேசியாவில் உண்டவர் இரண்டு வாரம் கழித்து வடகிழக்கில் மறுபடி உட்காரலாம்.

இனிப்பில் மட்டும் இருவருக்கும் ஒட்டே இல்லை. சிலேசியாவின் கொவோச் ஈஸ்ட் மாவுக் கேக். பாலாடைக்கட்டி, கசகசா, ஆப்பிள் என்று மெலிதான நிரப்பு, மேலே வெண்ணெய்த் தூவல். கல்யாணத்துக்கு முன் அதைப் பொட்டலம் கட்டி அண்டை அயலாருக்கும் உறவினருக்கும் கொடுத்தனுப்புவது வழக்கம். செய்னிப் பக்கத்துச் சென்காச் வேறு சாதி. சுழலும் கழியின் மேல் முட்டை மாவைக் கரண்டி கரண்டியாக ஊற்றி நெருப்பில் காட்டச் சொட்டுகள் முள்முள்ளாக நீண்டு இறுகும். குறுக்கே வெட்டினால் மரத்தின் ஆண்டு வளையங்கள். கொவோச்சை வாங்கிய அன்றே தின்றுவிட வேண்டும், மறுநாள் தூவல் நமுத்துவிடும். சென்காச் பல நாள் தாங்கும், விமானப் பெட்டியிலும் உடையாது; முள் குறைவான, கனமான துண்டாகப் பார்த்து எடையில் வாங்குங்கள்.