காமிக்ஸ் உலகின் 2011: பேனா யார் கையில்?

2011 பிப்ரவரியில் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு பேர் இறந்தார்கள். 21ஆம் தேதி அமெரிக்காவில் டுவெய்ன் மெக்டஃபி. 24ஆம் தேதி மும்பையில் அனந்த் பை. இருவரும் வாழ்நாளைக் காமிக்ஸுக்குக் கொடுத்தவர்கள். இருவரும் ஏறக்குறைய ஒரே கேள்வியிலிருந்துதான் தொடங்கினார்கள்: பிள்ளைகள் படிக்கும் படக்கதையில் நம் ஆட்கள் ஏன் இல்லை? ஆனால் 'நம்' என்ற சொல்லுக்கு இருவரும் வைத்த பொருள் வேறு. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள 2011ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

காமிக்ஸ் என்றால் நம்மில் பலருக்கு இரும்புக்கை மாயாவியும் வேதாளரும்தான் நினைவுக்கு வருவார்கள். பொழுதுபோக்குதானே, இதில் அரசியல் எங்கே வந்தது என்று சில தோழர்கள் கேட்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் குழந்தையின் மனதில் பதியும் முகங்கள் எளிதில் அழிவதில்லை. யார் வீரன், யார் அரக்கன், யார் அழகு, யார் அழுக்கு என்பதை நாம் முதலில் கற்றது படங்களிலிருந்துதான்.

அனந்த் பையின் கதை பலமுறை சொல்லப்பட்டது. 1967இல் ஒரு தொலைக்காட்சி வினாடி வினாவில் கிரேக்கப் புராணக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன மாணவர்களுக்கு ராமனின் தாய் பெயர் தெரியவில்லை. அதைப் பார்த்து வருந்திய அவர் அமர் சித்திரக் கதை வரிசையைத் தொடங்கினார். கோடிக்கணக்கில் விற்றது. தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்தது. ஒரு தலைமுறை இந்தியக் குழந்தைகளுக்கு 'வரலாறு' என்பதே அந்தப் பக்கங்களில்தான் அறிமுகமானது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் அந்த இந்தியாவில் யார் இருந்தார்கள்? கடவுள்கள், மன்னர்கள், முனிவர்கள். தேவர்கள் சிவப்பாக அல்லது நீலமாக இருந்தார்கள். அசுரர்கள் கறுத்துப் பருத்து நின்றார்கள். 1967இல் தொடங்கிய வரிசையில் பாபாசாகேப் அம்பேத்கர் இடம்பெற 1979 வரை ஆனது. வந்தபோதும் அவர் மாமனிதர்களின் வரிசையில் இன்னொரு மாமனிதராகத்தான் வந்தார். ராமனின் தாய் பெயர் தெரியாதது நாட்டின் கவலை ஆனது. மகாராஷ்டிரத்தில் 1873இல் 'குலாம்கிரி' எழுதிய ஜோதிபா பூலேயின் பெயர் தெரியாதது யாருக்கும் கவலையாகப் படவில்லை.

மெக்டஃபி டெட்ராய்ட்டில் பிறந்த கறுப்பினத்தவர். மார்வெல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1989இல் அங்கே அவர் கேலியாக ஒரு கதை முன்மொழிவு எழுதிக் கொடுத்தார். அப்போது அந்த நிறுவனத்தின் கதைகளில் கறுப்பின நாயகர்கள் சிலரே. அந்தச் சிலரிலும் கணிசமானோர் ஸ்கேட்போர்டில் உருண்டுகொண்டிருந்தார்கள். எங்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதானா என்பதே அந்தக் கேலியின் உள்ளடக்கம்.

கேலியோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். 1993இல் டெனிஸ் கோவன், மைக்கேல் டேவிஸ், டெரெக் டிங்கிள் ஆகியோருடன் சேர்ந்து மைல்ஸ்டோன் என்ற சொந்த நிறுவனத்தைக் கொண்டுவந்தார். அச்சும் விநியோகமும் பெரிய நிறுவனமான டிசி வழியாக. பதிப்புரிமையும் கதை மீதான அதிகாரமும் மைல்ஸ்டோனிடம். ஹார்ட்வேர், ஐகான், பிளட் சிண்டிகேட், ஸ்டேட்டிக் என்று நான்கு தொடர்கள். ஏன் ஒரு நாயகன் போதாது? ஒரே ஒரு கறுப்பின நாயகன் இருந்தால் அவன் மனிதனாக இருக்க முடியாது, இனத்தின் பிரதிநிதியாகிவிடுவான். அவன் தவறு செய்தால் இனமே தவறு செய்ததாக ஆகும். பத்துப் பேர் இருந்தால்தான் ஒருவன் கோபக்காரனாக, ஒருவன் கோமாளியாக, ஒருவன் கோழையாக இருக்கலாம். இதுதான் அவருடைய வாதம். நம்மில் ஒருவரை மேடையில் உட்காரவைத்துவிட்டு 'பிரதிநிதித்துவம் கொடுத்துவிட்டோம்' என்று சொல்பவர்களை அறிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

மைல்ஸ்டோனின் மாதத் தொடர்கள் 1997 வரைதான் நீடித்தன. ஆனால் ஸ்டேட்டிக் 2000 முதல் 2004 வரை தொலைக்காட்சித் தொடராக வந்து குழந்தைகளைச் சென்றடைந்தான். மெக்டஃபி இறந்தது தன் 49ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள்.

இந்த இரண்டு மரணங்களுக்கும் முந்தைய மாதம் இன்னொன்றும் செத்தது. அதற்காக யாரும் அழவில்லை. 2011 ஜனவரியில் டிசியும் ஆர்ச்சியும் விலகியதோடு அமெரிக்காவின் காமிக்ஸ் தணிக்கை விதிமுறை முடிவுக்கு வந்தது. 1954இல், காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்ற கூச்சலுக்குப் பயந்து பதிப்பாளர்கள் தாங்களே போட்டுக்கொண்ட விதிமுறை அது. எந்த மதத்தையும் இனத்தையும் இழிவுபடுத்தக் கூடாது என்று அதில் இருந்தது. காவலர்களையும் நீதிபதிகளையும் மரியாதை குறையும்படி காட்டக் கூடாது என்றும் இருந்தது.

முதல் விதியைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். ஈசி என்ற நிறுவனம் 'தீர்ப்பு நாள்' என்ற கதையை மறுபதிப்பு செய்ய முயன்றபோது என்ன நடந்தது என்று பாருங்கள். நிறத்தால் பிரிக்கப்பட்ட ரோபோக்கள் வாழும் ஒரு கிரகம். பூமியிலிருந்து ஒருவர் ஆய்வு செய்ய வருகிறார். பாகுபாடு இருக்கும்வரை உங்களுக்கு விண்மீன் கூட்டமைப்பில் இடமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார், அவர் கறுப்பினத்தவர். தணிக்கை அதிகாரி, அந்த மனிதர் கறுப்பினத்தவராக இருக்கக் கூடாது என்றார். இன இழிவைத் தடுக்கிறேன் என்ற விதியின் காவலர், இனவெறியைக் கண்டித்த கதையில் கறுப்பு முகத்தை அழிக்கச் சொன்னார். ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டீனும் பதிப்பாளர் பில் கெயின்ஸும் மறுத்தார்கள். கதை மாறாமல் 1956இல் வந்தது. ஈசி வெளியிட்ட கடைசி காமிக்ஸ் இதழ் அதுதான். அதன்பின் அவர்கள் 'மேட்' இதழோடு நின்றுகொண்டார்கள்.

எழுதிவைத்த விதி நல்லதா கெட்டதா என்பதோடு, அதைக் கையில் வைத்திருப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

2011 ஆகஸ்டில் ஸ்பைடர்மேன் உடைக்குள் ஒரு புதிய சிறுவன் வந்தான். மார்வெலின் 'அல்டிமேட்' வரிசையில் பீட்டர் பார்க்கரைக் கொன்றுவிட்டு, மைல்ஸ் மொராலெஸைக் கொண்டுவந்தார்கள். அப்பா கறுப்பினத்தவர், அம்மா புவேர்ட்டோ ரிக்கோக்காரர். முகமூடிக்குள் யார் இருந்தால் என்ன என்று கேட்க வேண்டியவர்களே, 'அரசியல் காரணத்துக்காக நம் ஸ்பைடர்மேனைப் பறித்துவிட்டார்கள்' என்று கூப்பாடு போட்டார்கள். ஒரு கற்பனைச் சிலந்தி மனிதனின் தோல் நிறம்கூடச் சிலருக்குப் பரம்பரைச் சொத்தாக இருக்கிறது. மைல்ஸின் வருகையை நாம் வரவேற்கிறோம். கூடவே ஒன்றைக் குறித்துக்கொள்வோம்: அவனை எழுதியவர் வெள்ளை அமெரிக்கரான பெண்டிஸ், வரைந்தவர் இத்தாலியரான சாரா பிகெல்லி, உரிமை மார்வெலுக்கு. மைல்ஸ்டோனுக்கும் மைல்ஸுக்கும் இடையில் உள்ள தூரம் அதுதான்.

அதே ஆகஸ்டில், 25ஆம் தேதி, டமாஸ்கஸில் கேலிச்சித்திரக்காரர் அலி ஃபர்சாத்தை முகமூடி அணிந்தவர்கள் கடத்திப்போய் அடித்தார்கள். குறிபார்த்து அடித்தது கைகளை. அதிபர் அசாத்தை வரைந்த கைகள் அவை. அவர் குணமாகி மீண்டும் வரைந்தார்.

அந்த ஆண்டு நம் மண்ணில் நடந்த பெரிய நிகழ்வு 'பீமாயணா'. ரவிக்குமாரும் எஸ். ஆனந்தும் 2003இல் தொடங்கிய நவயானா பதிப்பகம் வெளியிட்டது. எழுத்து ஸ்ரீவித்யா நடராஜனும் ஆனந்தும். ஓவியம் மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு ஆதிவாசிகளான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும். பாபாசாகேப் தன் வாழ்வில் பட்ட தீண்டாமையை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகள்தான் அடிப்படை. மசூர் ரயில் நிலையத்தில் சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்த சிறுவன் பீம். வெளிநாட்டில் படித்துத் திரும்பியும் பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்தவர்களால் விரட்டப்பட்ட அதிகாரி. சாலிஸ்காவில் குதிரைவண்டிக்காரர்கள் ஓட்ட மறுத்ததால் விபத்தில் சிக்கிய தலைவர். அமர் சித்திரக் கதையின் மாமனிதர் இங்கே தண்ணீர் கேட்கும் குழந்தையாக இருக்கிறார்.

வரைந்த முறையையும் கவனிக்க வேண்டும். மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்று வியாம் இணையர் முடிவெடுத்தார்கள். அதனால் வழக்கமான கட்டங்கள் இல்லை. அன்பாகப் பேசுகிறவர்களின் சொற்கள் பறவை வடிவில். சாதித் திமிரோடு பேசுகிறவர்களின் சொற்கள் தேள் கொடுக்கோடு. சேரியில் வளர்ந்த யாருக்கும் அந்தத் தேளை அடையாளம் தெரியும். இங்கும் நாம் கேள்வியை நிறுத்திவிட வேண்டியதில்லை. கதை நம்முடையது, கோடு ஆதிவாசிகளுடையது. நம் தெருப் பிள்ளைகளின் கோட்டில் நம் கதை எப்படி இருக்கும்?

அடுத்த ஆண்டு மே மாதம் இந்தக் கேள்வி நாடாளுமன்றத்துக்கே போனது. நத்தைமேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு: சங்கரின் 1949ஆம் ஆண்டுக் கேலிச்சித்திரம் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருந்ததை எழுச்சித்தமிழர் திருமாவளவன் மக்களவையில் எழுப்பினார். உடனே நமக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்றார்கள். அலி ஃபர்சாத்துக்காகப் பேசும் நீங்கள் சங்கரை எதிர்க்கலாமா என்றும் கேட்டார்கள். ஃபர்சாத் அதிகாரத்தின் முகத்தை வரைந்தார். சாட்டையடி என்பது நம் உடம்பில் தழும்பாக இருக்கும் விஷயம். அது எங்களுக்கு வெறும் கோடாகத் தெரியாது என்று சொல்வதற்கு உரிமை உண்டு. ஆனால் அதற்காகப் பாடநூல் குழுவினரின் அலுவலகத்தைத் தாக்குவதோ, எல்லாவற்றுக்கும் தணிக்கை கேட்பதோ நம் வழியாக இருக்க முடியாது. தணிக்கைக் கத்தரி யார் கையில் இருக்கும் என்பதை 'தீர்ப்பு நாள்' சொல்லிவிட்டது.

டிசம்பரில் இன்னும் இருவர் போனார்கள். ஹிட்லர் முகத்தில் குத்தும் கேப்டன் அமெரிக்காவை ஜாக் கிர்பியோடு உருவாக்கிய ஜோ சைமன் ஒருவர். பேட்மேன் கதைகளில் ஜோக்கரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி ராபின்சன் மற்றவர். ராபின்சனை நாம் நினைவில் வைக்க வேண்டியது ஜோக்கருக்காக அல்ல. சூப்பர்மேனைப் படைத்த சீகலும் ஷஸ்டரும் 1938இல் 130 டாலருக்கு உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு முதுமையில் வறுமையில் கிடந்தார்கள். 1975இல் நீல் ஆடம்ஸோடு சேர்ந்து ராபின்சன் போராடி, அவர்களுக்கு ஆண்டுத் தொகையும் கதையில் படைப்பாளர் பெயரும் கிடைக்கச் செய்தார். தொழிற்சங்கப் போராட்டம் போலத்தான் அதுவும்.

வரையத் தெரிந்த தோழர்களுக்கு இதிலிருந்து இரண்டு செய்திகள். உங்கள் ஊர்க் குழாயடியை, தேநீர்க் கடையை, சுடுகாட்டுப் பாதையை வரையுங்கள். ஒரே நாயகனோடு நிறுத்தாமல் பத்துப் பேரை வரையுங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது ஒப்பந்தத்தைப் படியுங்கள். புரியாவிட்டால் தெரிந்த வழக்கறிஞர் தோழரிடம் காட்டுங்கள். உரிமை யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஜெய்பீம்.