நெசவாளர் ஊரும் போப்பையரின் முன்னுரையும்

மேலைநாட்டார் நம் இலக்கியத்தை இகழ்ந்த வரலாறு வாசகர் அறிந்ததே. நல்லதோர் ஐரோப்பிய நூலகத்தின் ஓர் அடுக்கே இந்திய, அரேபிய இலக்கியம் முழுவதற்கும் ஈடாகும் என்று 1835இல் மெக்காலே தீர்ப்பளித்தார். அம்மொழிகளை அவர் கற்றவரல்லர். திருச்சபைக்குள்ளும் இந்நோய் இருந்தது. சீகன்பால்க் ஐயர் 1713இல் தரங்கம்பாடியில் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய நூலை ஹாலே நகரத்துப் பெரியோர் அச்சிட மறுத்தனர். அது வெளிவந்தது 1867இல்.

இகழ்ச்சியை இனங்காண்பது எளிது. புகழ்ச்சியினுள் ஒளிந்திருக்கும் உயர்வெண்ணமே நம்மை ஏமாற்றுகிறது. 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் ஐயரின் தமிழன்பை எவரும் ஐயுறார். ஆயினும் அந்நூலின் முன்னுரையில் அவர், வள்ளுவரை கி.பி. 800க்கும் 1000க்கும் இடையே நிறுத்தி, மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவப் போதகரோடு உலவவிட்டு, குறளின் ஊற்றுகளுள் நம் வேதமும் ஒன்று என்றார். சான்று ஏதும் காட்டினாரில்லை. ஆறாம் நூற்றாண்டளவினதென அறிஞர் பலர் கருதும் மணிமேகலையே குறளை எடுத்தாள்கிறது என்பதொன்றே அக்காலக் கணிப்பைச் சாய்க்கப் போதும். பிறர் நெய்த சேலையை வாயாரப் புகழ்ந்துவிட்டு, பாவு மட்டும் எம் வீட்டது என்பது போன்றதே இது.

ஆரணியில் இவ்வுவமை எவர்க்கும் விளங்கும். ஆற்காடு மிஷனின் பழைய நிலையங்களுள் ஒன்றாகிய இவ்வூர் பட்டுத்தறியால் வாழ்வது. வள்ளுவர் நெசவுத்தொழில் செய்தார் என்பது மரபு. (செவிவழிச் செய்தியே, ஆயினும் நெசவாளர்க்கு அது பெருமை.) செங்குந்தர் ஒட்டக்கூத்தரைத் தம் குலத்தவராகப் போற்றுவர். இத்தகையோர்முன் நின்று, "உங்கள் குறள் எங்கள் வேதத்தில் கடன்பட்டது" என்று பிரசங்கிப்போர் இன்றும் உளர். கேட்பவர் மறுமொழி கூறுவதில்லை, தறிக்குத் திரும்பிவிடுகின்றனர். அவ்வமைதியை இசைவென்று எண்ணலாகாது.

இவ்வழக்கம் போப்பையரோடு தோன்றியதுமன்று. பிளேட்டோ மோசேயிடம் கற்றார் என்று யுஸ்தீனும் அலெக்சாந்திரியா கிளெமெந்தும் முற்காலத்திலேயே வாதிட்டனர். மார்ஸ் மேடையில் நின்ற பவுல் அவ்வாறு செய்யவில்லை. தாம் எடுத்தாண்ட அடி அத்தேனே பட்டணத்தார் போற்றிய புலவருடையதென்றே கூறினார். அப்புலவராகிய அராத்தஸ் பவுலைப் போலவே சிலிசியா நாட்டார். பவுலுக்கு மூன்று நூற்றாண்டு முற்பட்டவர்.