நீர் உடும்பு

அறிவியல் பெயர் வரானஸ் சால்வேட்டர். கிண்டிக் காட்டில் ஊரும் உடும்புக்கு நெருங்கிய உறவினம். தமிழகத்தில் இயல்பாக இல்லை. சுந்தரவனம், பிதர்கனிகா, அந்தமான், நிக்கோபார், இலங்கையில் வாழ்கிறது. கொழும்பு பேரை ஏரிக்கரையில் பட்டப்பகலில் வெயில் காயும். அங்கே பெயர் கபரகொய்யா. 1976-இல் உருவான சென்னை முதலைப் பண்ணையில் முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்திருக்கிறது.

பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளம். கறுத்த உடலில் வரிசையாக மஞ்சள் புள்ளிகள். குஞ்சுகளில் அவை பளிச்சென்று அழகாக இருக்கும். மூக்கைப் பார்த்தே இனம் சொல்லிவிடலாம்: நம்மூர் உடும்புக்குச் சாய்ந்த கீற்று, இதற்கு மூஞ்சி நுனியருகே வட்டத் துளை. நீந்தும்போது கால்களை உடலோடு ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் தட்டையான வாலை மட்டும் வளைத்து வளைத்துச் செல்லும். பிளவுபட்ட நாக்கால் மோப்பம் பிடித்து மீன், நண்டு, எலி, முட்டை, அழுகிய பிணம் வரை தின்று நீர்நிலையைத் துப்புரவாக்கும் அருமையான விலங்கு. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வேட்டையாடுவது குற்றம்.